பதினோரு வருஷ சிஸ்டம்: ஃபார்மட் அடிக்கவா, அப்படியே ஓட்டவா?

செக்காலை_பிரஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சகம் எங்களோடது. அப்பா ஆரம்பிச்சது, இப்ப நான் பாத்துக்கறேன். டிசைன், பில்லு எல்லாம் ஒரே சிஸ்டத்துல. 2014ல வாங்கினது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கறப்ப விண்டோஸ் 7 இருந்துச்சு. 2016ல இலவச அப்கிரேடு முடியறதுக்குள்ள அது மேலயே விண்டோஸ் 10 ஏத்திட்டாங்க. அதுக்கப்புறம் ஃபார்மட்டே பண்ணினதில்லை.

இப்ப ஷட்டரைத் தூக்கி சிஸ்டத்தை ஆன் பண்ணிட்டு, கடையைக் கூட்டி, சாமி படத்துக்குப் பூ வச்சு முடிச்சாலும் டெஸ்க்டாப் முழுசா வந்திருக்காது. டிசைன் பண்ற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர்ல ஃபான்ட் லிஸ்டைத் திறந்தா அப்படியே நின்னுடுது. டாஸ்க் மேனேஜர்ல பாத்தா டிஸ்க் 100%னு செவப்பா நிக்குது. ப்ராசஸர் சும்மாதான் இருக்கு.

பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் கடையில கேட்டேன். "ஃபார்மட் அடிச்சு 64 பிட் விண்டோஸ் போட்டு, இன்னொரு 4 ஜிபி ராம் சேத்துடலாம், சாயங்காலத்துக்குள்ள குடுத்துடறேன்"னு சொன்னாரு. சரின்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

காரணம் இதுதான். நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில விலாச எழுத்து (பேருக்கு முன்னாடி வர்ற குடும்ப இனிஷியல்) ஒன்னு மாறினாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துடும். எந்தக் கோயில், எந்தப் பிரிவு, ஐயா பேரு, பங்காளிகள் வரிசை எல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. போன வாரம் பள்ளத்தூர்ல இருந்து ஒரு ஆச்சி வந்தாங்க. மூத்த பையன் கல்யாணத்துக்கு நம்மகிட்டதான் அடிச்சது. "அதே மாதிரி சின்னவனுக்கும் போடும்மா"ன்னாங்க. பழைய ஃபைலைத் திறந்து, பேரும் தேதியும் மாத்தி, ப்ரூஃப் எடுத்துக் குடுத்தேன். எங்க தொழிலே அந்தப் பழைய ஃபைலுங்கதான். எல்லாமே பேஜ்மேக்கர் 7, வானவில் ஃபான்ட், இன்னும் பேரே தெரியாத ஏதேதோ தமிழ் ஃபான்ட். தட்டச்சு சாஃப்ட்வேருக்கு சிபியு பின்னாடி பழைய பிரிண்டர் போர்ட்ல ஒரு டாங்கிள் சொருகியிருக்கு, லைசென்ஸ் சாவி மாதிரி, அது இல்லேன்னா சாஃப்ட்வேர் ஓடாது. பாதிக்கு சிடி கிடையாது. பில்லுக்கு டேலி.

இன்னொன்னு, மார்கழில கல்யாணம் கிடையாது, அச்சகத்துக்கு வேலை இருக்காதுன்னு வெளியில நினைக்கறாங்க. தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கறதே மார்கழிலதான். கூடவே பழனி பாதயாத்திரை நோட்டீஸ். அதனால இப்ப சிஸ்டம் படுத்தா நான் படுத்த மாதிரி.

விண்டோஸ் 10க்கு அப்டேட்டும் 2025 அக்டோபரோட நின்னுடுச்சு. கிளீன் பண்ணி ஓட்டலாமா, புதுசாவே போட்டுடணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோட்டையூரான் எழுதியது:

அக்கா, யோசிக்கவே வேணாம், ஃபார்மட்தான். 7 மேல 10 ஏத்தினது, அது மேல இத்தனை வருஷ அப்டேட், வேண்டாத சாஃப்ட்வேர், டெம்ப் ஃபைல். அதைத் தேடித் தேடி கிளீன் பண்ற நேரத்துல புதுசே போட்டுடலாம். நான் என் லேப்டாப்பை வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்மட் பண்ணிடுவேன், வாங்கின அன்னிக்கு மாதிரி ஓடும். ஃபைலை எல்லாம் பென் டிரைவ்ல காப்பி பண்ணிக்குங்க, போதும். கிளீனர் சாஃப்ட்வேர், ரெஜிஸ்ட்ரி கிளீனர்னு எதையும் இறக்கிடாதீங்க. அதுல ஒரு பிரயோஜனமும் இல்லை.


தேவகோட்டை_சர்வீஸ் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கடையில சரின்னு சொல்லாம வந்தது நல்லது. தம்பி கோட்டையூரான் சொல்றது அவர் லேப்டாப்புக்கு ரொம்பச் சரி. பிரவுசரும் மெயிலும் பாக்கற மெஷினை ஃபார்மட் அடிச்சா எதுவும் போகாது. உன் மெஷின் வேற. அதுல என்னென்ன இருக்குன்னு உனக்கே முழுசாத் தெரியாது. உங்க அப்பா காலத்துல யாரோ வந்து போட்டுக் குடுத்துட்டுப் போன ஃபான்ட் ஒன்னு இல்லேன்னா, நீ அதைக் கண்டுபிடிக்கப் போறது அடுத்த வருஷம் ஒரு அறுபதாம் கல்யாணப் பத்திரிகையைத் திறக்கறப்பதான். அன்னிக்கு எழுத்து எல்லாம் இங்கிலீஷ் குப்பையா நிக்கும். வானவில், பாமினி வகை ஃபான்ட்ல தமிழ் எழுத்துங்க இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கும். ஃபான்ட் போனா உள்ள என்ன எழுதியிருக்குன்னு கண்ணால படிக்க முடியாது.

நான் தேவகோட்டையில ரொம்ப வருஷமா சர்வீஸ் பாக்கறேன். அரிசி ஆலை, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ்னு இந்தப் பக்கத்து மெஷின் பலதைப் பாத்திருக்கேன். ஒரு ஆலையில யாரோ வந்து சாயங்காலத்துக்குள்ள ஃபார்மட் அடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. மை டாகுமென்ட்ஸ் பூராவும் பத்திரமா காப்பி ஆகியிருந்துச்சு. டேலி டேட்டா இருந்தது வேற ஃபோல்டர்ல. அந்த வருஷக் கணக்கை அவங்க சீட்டு சீட்டா எடுத்து வச்சு மறுபடி ஏத்தினாங்க. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்: உன் டிஸ்க் மேல யாரையும் ஃபார்மட் அடிக்க விடாதே. புதுசா போடணும்னா தனி டிஸ்க்ல போடு. பழசு அப்படியே பீரோவுல இருக்கட்டும்.

இப்ப உன் வியாதி என்னன்னு பாப்போம். ப்ராசஸர் சும்மா இருக்கு, டிஸ்க் மட்டும் 100%. இது விண்டோஸ் கெட்டுப்போன அடையாளமா இருக்கணும்னு இல்லை. விண்டோஸ் 10 சுத்துற டிஸ்க்ல எப்பவுமே திணறும். அதுக்கு மேல டிஸ்க்கே சாகப் போகுதான்னு முதல்ல தெரியணும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதை இறக்கித் திற. மூணு வரியைப் பாரு. 05ன்னு இருக்கற வரி, கெட்டுப்போய் ஒதுக்கி வச்ச செக்டர், அதாவது டிஸ்க்ல டேட்டா எழுதற சின்னக் கட்டம். சி5, படிக்க முடியாம காத்துக்கிட்டு இருக்கற செக்டர். சி7 ஏறியிருந்தா பெரும்பாலும் டிஸ்க் இல்லை, டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கற சாட்டா கேபிள்தான் தகராறு, கேபிளை மாத்தினாப் போதும். மூணையும் இங்க எழுது.

அது தெரியற வரைக்கும் செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் ரிப்பேர் கருவி) ஓட்டாதே. யாராவது சொல்வாங்க, செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டா சரியாயிடும்னு. சாகப்போற டிஸ்க்கை அது ஒவ்வொரு செக்டரா படிக்க வச்சு மணிக்கணக்குல ஓட்டும். உயிரோட இருக்கறதை முதல்ல வெளிய எடுக்கணும், ரிப்பேர் அப்புறம்.

அடுத்தது அந்த 64 பிட் விஷயம். இதுதான் எனக்குப் பெரிய பயம். 2014ல 4 ஜிபி ராமோட வந்த மெஷின்ல நிறைய 32 பிட் விண்டோஸ் 7 போட்டுத் தந்தாங்க. அது மேல ஏத்தின 10ம் 32 பிட்டாத்தான் இருக்கும், அப்கிரேடுல அது மாறாது. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட் போய் "சிஸ்டம் டைப்" பாரு. 32 பிட்டா இருந்தா ரெண்டு சங்கதி. ஒன்னு, 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபிக்கு மேல ராம் போட்டாலும் எடுத்துக்காது, அந்தக் காசு தண்டம். இன்னொன்னு, 64 பிட்டுக்குப் போனா பழைய 16 பிட் இன்ஸ்டாலர் எதுவும் ஓடாது, 32 பிட் டிரைவர் எதுவும் ஏறாது. உன் டாங்கிளுக்கு ஒரு டிரைவர் இருக்கு பாரு, அதுக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கலேன்னா தட்டச்சே நின்னுபோகும். டாங்கிளைக் கழட்டி யுஎஸ்பி மாத்தி ஒயர்ல சொருகிடலாம்னு நினைக்காதே. அந்த ஒயர் பிரிண்டருக்காகச் செஞ்சது, டாங்கிள் அதுல பெரும்பாலும் பேசாது.

அப்போ என் யோசனை: தை முடியற வரைக்கும் விண்டோஸைத் தொடாதே. டிஸ்க்கை மட்டும் மாத்து. ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி, இப்ப இருக்கறதை ஃபான்ட், டிரைவர், பேஜ்மேக்கரோட அப்படியே அதுல தூக்கி வை. டிஸ்க்கை அப்படியே காப்பி எடுக்கற க்ளோன்ஸில்லா சாஃப்ட்வேர் இலவசம்தான், அது போதும். வாங்கறப்ப 480 ஜிபி வாங்கிடாதே. உன் டிஸ்க் 500, உள்ள பாதி காலியா இருந்தாலும் சின்ன டிஸ்க்குக்கு க்ளோன்ஸில்லா சும்மா ஏத்தாது. 500ஓ அதுக்கு மேலயோ வாங்கு. இருபது ஜிபிக்காக ஒரு ராத்திரி பூரா மல்லாட வேணாம். உன் மதர்போர்டு எச்81 வகையா இருந்தா நாலு சாட்டா போர்ட்டுல ரெண்டுதான் 6 ஜிபி வேகம், அதுல சொருகு. மாத்தி முடிச்சதும் ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணா மாட்டி ஆன் பண்ணாதே. ரெண்டுக்கும் ஒரே சிக்னேச்சர், அதாவது அடையாள எண், இருக்கும், விண்டோஸ் குழம்பும். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோட ஒட்டினது, டிஸ்க் மாறினா போகாது.

அப்டேட் நின்னதைப் பத்திக் கேட்ட. 2025 அக்டோபர் 14ஓட பொதுவா நின்னது நிஜம். வீட்டு உபயோகத்துக்குன்னு செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டியிருக்காங்க. 22எச்2 வெர்ஷனா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போகணும். அப்டேட் பக்கத்துலயே சேரச் சொல்லிக் கேக்கும், சேந்துடு. விண்டோஸ் 11 உன் மெஷினுக்கு முறைப்படி கிடையாது. இன்டெல்லுல எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் கேக்குது, 32 பிட்டே அதுல இல்லை.

கடைசியா ஒன்னு. கடையில பேப்பர் தூசி இருக்கும். சிபியு மூடியைக் கழட்டி ஃபேன்ல அடைச்சிருக்கறதை பிரஷ்ஷால தட்டி ஊதி எடு. யுபிஎஸ் பேட்டரி எப்ப மாத்தினீங்க? கரண்டு போன நொடியில சிஸ்டமும் போகுதுன்னா ஒவ்வொரு தடவையும் டிஸ்க்குக்கு அடி விழுது.


பள்ளத்தூர்_டீச்சர் எழுதியது:

அண்ணன் சொன்னதுல எல்லாம் உடன்பாடு. ஒரே ஒரு வழி சேக்கறேன். வாட்ஸ்அப்ல கஸ்டமர் அனுப்பற படம், மெயில், பேங்க் வேலை இதுக்கெல்லாம் தனியா ஒரு பழைய மெஷின்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுக்கலாமே? மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. அதுல எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான வகை 4 ஜிபி ராம்ல நல்லாவே ஓடுது. எங்க பள்ளிக்கூடத்து லேப்ல விண்டோஸ் 7 காலத்து மெஷின்ல அதைத்தான் போட்டு வச்சிருக்கோம், பிள்ளைங்க தமிழ்ல தட்டச்சு பண்றாங்க. பேஜ்மேக்கர் மெஷினை நெட்ல இருந்து கழட்டிட்டா அப்டேட் கவலை பாதி தீந்துடும்.


செக்காலை_பிரஸ் எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. டீச்சர், உங்களுக்கும். நீங்க சொன்னதைப் பாத்தேன். சிஸ்டம் டைப் 32 பிட்தான். ராம் வாங்காம இருந்தது நல்லதாப் போச்சு.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் கலர்ல "காஷன்"னு காட்டுது. 05 வரியில எல்லாம் பூஜ்யம். சி5ல பத்துப் பூஜ்யம் போட்டுக் கடைசியில 18. சி7ம் பூஜ்யம். இது ரொம்ப மோசமா? சில ஃபைலைத் திறக்கறப்ப மட்டும் சிஸ்டம் அரை நிமிஷம் உறைஞ்சு அப்புறம் வருது, அது இதனாலயா?

ஃபான்ட் ஃபோல்டரைக் காப்பி பண்ணினேன். ஆனா பேஜ்மேக்கர்ல தெரியற ரெண்டு ஃபான்ட் அந்த ஃபோல்டர்ல இல்லை. அது எங்க இருக்கும்?

யுபிஎஸ் பேட்டரி அப்பா இருக்கறப்ப மாத்தினது. கரண்டு போனா சிஸ்டம் உடனே அணைஞ்சுடுது.


தேவகோட்டை_சர்வீஸ் எழுதியது:

அது ஹெக்ஸ் கணக்கு தங்கச்சி, பதினாறு பதினாறா எண்ணறது. 18ன்னா 24 செக்டர். 24 இடத்துல டிஸ்க்கால படிக்க முடியலை. நீ சொல்ற அரை நிமிஷ உறைச்சல் அதேதான், திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்குது. 05 பூஜ்யமா இருக்கறதால, கரண்டு போய்ப் போய் வந்ததுல கெட்ட செக்டராவும் இருக்கலாம், டிஸ்க் நிஜமாவே தேயறதாவும் இருக்கலாம். எதுன்னு பாத்துக்கிட்டு உக்கார இப்ப நேரமில்லை. இந்த டிஸ்க் போகப்போகுதுன்னே வச்சுக்கிட்டு வேலை பாரு.

இன்னிக்கே செய்ய வேண்டியது: ஒரு 1 டிபி வெளி டிஸ்க்ல முதல்ல பத்திரிகை ஃபைலுங்க, அதாவது பிஎம்டி, பி65ன்னு முடியற பேஜ்மேக்கர் ஃபைலுங்க. அடுத்து டேலி டேட்டா ஃபோல்டர். அது எங்க இருக்குன்னு டேலியிலயே கம்பெனி செலக்ட் பண்ற இடத்துல பாத் காட்டும், அந்தப் பாத்தைப் பாத்து எடு, ஊகத்துல எடுக்காதே. அப்புறம் டேலி லைசென்ஸை சரண்டர் பண்ணிடு, புது டிஸ்க்ல திரும்ப ஆக்டிவேட் பண்ணிக்கலாம். பெரிய பெரிய போட்டோவை எல்லாம் கடைசியா எடு.

அந்த ரெண்டு ஃபான்ட்: விண்டோஸ் 10ல 1809 வெர்ஷன்ல இருந்து, ரைட் கிளிக் பண்ணி சும்மா "இன்ஸ்டால்" குடுத்தா அந்த யூசருக்கு மட்டும்தான் ஏறும். அது இருக்கற இடம் யூசர்ஸ் ஃபோல்டர்ல உன் பேரு, ஆப் டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப் டேட்டா மறைஞ்சிருக்கும், வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் போடு. அங்கயும் இல்லேன்னா பழைய டைப் 1 ஃபான்டா இருக்கலாம், சி டிரைவ்ல பிஎஃப்பி, பிஎஃப்எம்னு முடியற ஃபைலைத் தேடு. ரெண்டும் ஜோடியா இருக்கும், ஒன்னை விட்டா இன்னொன்னு உதவாது.

படிக்க முடியாத செக்டர் இருக்கறதால க்ளோன்ஸில்லா நடுவுல எரர் சொல்லி நின்னுடும். அதுக்கு டிடிரெஸ்க்யூன்னு ஒரு லினக்ஸ் கருவி இருக்கு. நல்லா இருக்கற இடத்தை எல்லாம் முதல்ல வேகமா எடுத்துட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியாத் திரும்பி வரும். எதுவரைக்கும் எடுத்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், நடுவுல கரண்டு போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். அதுல மூல டிஸ்க் எது, புது டிஸ்க் எதுன்னு நாமதான் சொல்லணும். மாத்திச் சொன்னா வெறும் டிஸ்க் பழசு மேல ஏறி எல்லாம் போயிடும். அதனால நீயா செய்யாதே. ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல மெஷினை தேவகோட்டைக்குக் கொண்டு வா, எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் கொண்டு வா. திங்கக்கிழமை கடை திறக்கறதுக்குள்ள குடுத்துடறேன். செக்டிஸ்க், எஸ்எஃப்சி, டிஸ்ம் மாதிரி விண்டோஸ் ரிப்பேர் கருவி எல்லாம் புது டிஸ்க்ல இருக்கற காப்பி மேல ஓட்டிப் பாக்கலாம், அங்க பயமில்லை. யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாத்தாம எஸ்எஸ்டி போட்டுத் தரமாட்டேன்.

டீச்சர் சொன்ன ரெண்டாவது மெஷின் நல்ல யோசனை. நெட் வேலை எல்லாம் அதுக்குப் போகட்டும். புதுசா விண்டோஸ் போடறதை ஆடி பிறந்ததும் முதல் ரெண்டு வாரத்துல வச்சுக்க. ஆவணி முகூர்த்த வேலை வர்றதுக்கு முன்னாடி உனக்கு மூச்சு விட நேரம் இருக்கும், அக்டோபர் கெடுவும் தாண்டியிருக்காது. புது மெஷினோ தனி டிஸ்க்கோ, எதுல போட்டாலும் பழசு பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கும். வர்ற ஒவ்வொரு பத்திரிகையையும் ரெண்டுலயும் திறந்து, பிரிண்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு மாறலாம். அதுக்குள்ள முடிஞ்சப்ப எல்லாம் பழைய வாடிக்கை வீடுங்களோட பேர் வரிசையை, பழைய ஃபான்ட் எழுத்தை மாத்தற என்எச்எம் கன்வர்ட்டர்ல போட்டு, அந்த ஃபான்ட் இல்லாமலே படிக்க முடியற யூனிகோடா மாத்தி ஒரு ஃபைல்ல சேத்துக்கிட்டு வா. மாத்தினதை அப்படியே நம்பாதே, கொம்பும் காலும் இடம் மாறி வரும். விலாச எழுத்தை மட்டும் ஒவ்வொன்னா பழைய பிரிண்டோட ஒத்துப் பாத்துடு.


செக்காலை_பிரஸ் எழுதியது:

ரெண்டு ஃபான்டும் ஆப் டேட்டாலதான் இருந்துச்சு அண்ணே, எடுத்துட்டேன். பத்திரிகை ஃபைல் காப்பி ஓடிக்கிட்டு இருக்கு. டேலி பாத் டி டிரைவ்ல காட்டுது, அதையும் எடுத்துடறேன். 500 ஜிபி எஸ்எஸ்டியும் யுபிஎஸ் பேட்டரியும் சொல்லியிருக்கேன், நாளைக்கு வந்துடும். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்துடறேன். டாங்கிளையும் கழட்டிக் கொண்டு வரணுமா?


தேவகோட்டை_சர்வீஸ் எழுதியது:

கொண்டு வா. தட்டச்சு ஓடுதான்னு நீயே ஒரு பத்திரிகையைத் திறந்து அடிச்சுப் பாத்துட்டுத்தான் மெஷினை எடுத்துட்டுப் போகணும். அந்தப் பள்ளத்தூர் ஆச்சி வீட்டு ஃபைலும் அதோட பழைய பிரிண்டும் கையில இருக்கட்டும்.